வந்தவரும் இருந்தவரும்: கொல்லிமலை சொல்லும் வரலாறு

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் 14 நாடுகள் உள்ளன. அரியூர் நாடு அவற்றுள் ஒன்று. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, தேவனூர் நாடு, சேலூர் நாடு என மற்றவையும் இதே பாணியில் பெயர் கொண்டவை. இங்கே நாடு என்றால் தேசமன்று. சில சிற்றூர்கள் கூடித் தமக்கென ஒரு தலைமையையும் வழக்கத்தையும் வைத்துக்கொண்ட பழைய பிரிவு அது. அரசு பின்னாளில் வந்து அதே பெயர்களைத் தன் ஊராட்சிகளுக்கும் வைத்துக்கொண்டது.

இந்நாடுகளில் வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டியதில்லை. அவர்கள் பேசுவது தமிழ். மலையில் வாழ்வோர் என்பதே பெயரின் பொருள். இன்று அரசின் பட்டியலில் பழங்குடியினராக இருக்கும் இம்மக்கள், தம் முன்னோர் இம்மலைக்கு வந்தேறியவர்கள் என்று தாமே சொல்லி வந்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் அந்தக் கதையில் முஸ்லிம்களாகிய நமக்கும் ஓர் இடம் உண்டு. அது நாம் விரும்பத்தக்க இடமன்று. ஆயினும் ஆண்டுக் கணக்கையே ஓர் இடப்பெயர்விலிருந்து தொடங்கும் சமுதாயம், பிறரின் இடப்பெயர்வுக் கதையைப் பொறுமையுடன் கேட்க வேண்டும் என்று கருதுகிறேன்.

கதை இதுதான். காஞ்சிபுரத்தில் வேளாளர்களாக வாழ்ந்த ஒரு கூட்டத்தார், தென்னாட்டில் முஸ்லிம்களின் ஆட்சி ஓங்கிய காலத்தில் அவ்வூரை விட்டுப் புறப்பட்டனர். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என மூவர் அவர்களுக்குத் தலைமை தாங்கினர். ஒருவர் சேர்வராயன் மலைக்கும், ஒருவர் கொல்லிமலைக்கும், ஒருவர் பச்சைமலைக்கும் போய்க் குடியேறினர். எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனார் என்பதில் கதைக்குக் கதை வேறுபாடு உண்டு. இன்னொரு வழக்கில், முதலில் புறப்பட்டது மக்களல்லர். அவர்கள் வணங்கிய கரியராமன் என்னும் தெய்வமே காஞ்சியில் இருக்கப் பிடிக்காமல் வேறிடம் தேடிச் சென்றதாகவும், அடியார்கள் அதைப் பின்தொடர்ந்ததாகவும் வரும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேய அதிகாரிகள் கேட்டபோது, இது நடந்து பத்துத் தலைமுறை இருக்கும் என்று மலைமக்கள் சொல்லியிருக்கிறார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுப்பில் இவ்வழக்குகள் இடம்பெற்றுள்ளன.

இத்தகைய செய்தியைப் படிக்கும்போது நம்மில் சிலருக்கு உடனே மறுக்கத் தோன்றும். வாய்மொழிக் கதைதானே, ஆங்கிலேயர் எழுதியதுதானே என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் காஞ்சியின் அச்சம் கற்பனையன்று. 1311இல் மாலிக் காஃபூரின் படையெடுப்பைத் தமிழகம் கண்டது. ஔரங்கசீப்பின் படைகள் தெற்கே இறங்கிய காலத்தில், 1688 வாக்கில், காஞ்சி வரதராசர் கோயிலின் உற்சவத் திருமேனியை இரகசியமாக எடுத்துச் சென்று உடையார்பாளையத்தில் வைத்திருந்தனர். தெய்வம் ஊரை விட்டுப் போயிற்று என்ற மலைமக்களின் கதைக்கும் இந்நிகழ்ச்சிக்கும் நேரடித் தொடர்பு இருக்கும் என்று நான் வாதிடவில்லை. காலம் சற்று முன்பின்னாக வருகிறது. ஆனால் அப்படிப்பட்ட காலம் ஒன்று இருந்தது என்பதற்கு இது சான்று.

அக்கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். 1710இல் அத்திருமேனி காஞ்சிக்குத் திரும்பியது. ஆத்தான் ஜீயர் என்பவரின் வேண்டுகோளை ஏற்று அதை மீட்டு வந்தவர் லாலா தோடர்மால். அவர் கர்நாடக நவாப் சஆததுல்லாஹ் கானின் கீழ்ப் பணிபுரிந்த தளபதி. அவருடைய உருவச்சிலை இன்றும் அக்கோயிலில் உள்ளது. முஸ்லிம் ஆட்சியாளரின் படைக்கு அஞ்சிப் போன திருமேனியை, முஸ்லிம் ஆட்சியாளர் ஒருவரின் அதிகாரியே திரும்பக் கொண்டுவந்தார். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பவர், எந்தப் பக்கத்தவராயினும், வரலாறு பேசுபவர் அல்லர். அதுபோலவே, தமிழ் முஸ்லிம்களின் பெரும்பகுதி அப்படைகளோடு வந்தவர்களுமல்லர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கடல்வழி வந்த வணிகர்களின் உறவிலும், இம்மண்ணிலேயே இஸ்லாத்தை ஏற்றோரின் வழியிலும் வந்தவர்கள். ஆனால் அஞ்சி ஓடியவனுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவன் பேரனுக்குச் சொல்லிய கதையில் அது இல்லாமல் போனதில் வியப்புமில்லை.

அஞ்சி ஓடியவர்கள் போய்ச் சேர்ந்த மலை வெறுமையாக இருக்கவில்லை. கொல்லிமலை சங்க காலத்திலேயே புகழ் பெற்றது. வல்வில் ஓரி இதன் தலைவன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்று, பாணர்கள் காட்டுவழியில் ஒரு வேட்டுவனைக் கண்டதையும், தன் புகழைக் கேட்டு நாணிய அவன் தான் வேட்டையாடிய மானின் இறைச்சியையும் மதுவையும் தன் மலையில் பிறந்த பொன்னையும் அள்ளித் தந்ததையும் சொல்கிறது. அந்த வேட்டுவன்தான் ஓரி. வழிப்போக்கர்களை அம்மலை அப்படி வரவேற்றதாக இலக்கியம் சொல்கிறது.

பல நூற்றாண்டுகள் கழித்துக் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் மலையில் கண்டதும் வேடர்களைத்தான். வந்தவர்கள் வேடர் ஆண்களைக் கொன்று அவர்களுடைய பெண்களை மணந்துகொண்டனர் என்கிறது திருச்சிராப்பள்ளிச் சீமையில் பதிவான ஒரு வழக்கு. அதன் நினைவாகத் திருமண வேளையில் வானை நோக்கி ஒரு துப்பாக்கி வேட்டுச் சுடுவார்களாம். இறந்துபோன வேடக் கணவனைக் குறிப்பது அந்த வேட்டு.

இந்த ஒரு செய்திக்காகவே இவர்களின் வரலாற்றை மதிக்கிறேன். குடியேறிய மக்கள் எத்தனையோ பேர் உலகில் உண்டு. தமக்கு முன் அங்கிருந்தவர்களை அழித்தவர்களும் உண்டு. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அந்நிலம் யாருமற்றுக் கிடந்தது என்றே நெடுங்காலம் பாடப் புத்தகங்கள் எழுதின. கொல்லிமலையிலோ, தாம் துரத்தப்பட்ட கதையைச் சொன்ன அதே வாயால் தாம் துரத்திய கதையையும் சொன்னார்கள். அதையும் மகிழ்ச்சியான நாளில், மணமக்களும் உறவினரும் கூடியிருக்கும் வேளையில், வேட்டுச் சத்தமாக நினைவுகூர்ந்தார்கள். இன்றைக்கும் ஆடி மாதம் 17, 18 ஆகிய நாட்களில் மலையில் வல்வில் ஓரி விழா நடைபெறுகிறது. வேட்டுவர் தலைவனின் விழாவைக் கொண்டாடுவோரில் பெரும்பாலோர், வேடர்க்குப் பின் வந்து குடியேறியதாகத் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்ட அம்மக்களே. இருந்தவரின் நினைவு வந்தவரின் உடைமையாகிவிட்டது. நான் அறிந்தவரை, ஓர் ஊர்க்காரராக ஆவதன் முதல் அடையாளம் இதுவே.

அடுத்து ஒரு வருகை 1913இல் நிகழ்ந்தது. ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயரும் அவருடைய மனைவி ஈவ்லினும் திருமணம் முடிந்த கையோடு கொல்லிமலையில் குடியேறினர். ஜெஸ்ஸி கட்டுமானத் தொழில் தெரிந்தவர். மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் பாப்டிஸ்ட் மிஷன் ஊழியராக இருந்தவர். சாலை இல்லை. வீடு கட்டும் மரச்சட்டங்களும் பலகைகளும் ஆட்களின் தலைச்சுமையாகவே மேலே ஏறின. அவர்கள் வந்தது கிறிஸ்தவ மதத்தைப் பரப்புவதற்காக. இதை மறைக்க வேண்டியதில்லை, அவர்களும் மறைக்கவில்லை. அந்நோக்கத்தில் நமக்கு உடன்பாடு இல்லை என்பதையும் சொல்லித் தேவையில்லை. ஆனால் ஓர் அந்நியக் குடும்பம் ஒரு மலைச் சமுதாயத்தில் எவ்வாறு இடம் பெற்றது என்பதைக் கற்க விரும்புவோர் இவர்களைத் தவிர்க்க முடியாது.

ஐந்தாண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை. மருந்து வாங்க மக்கள் வந்தனர்; ஜெஸ்ஸி பல் பிடுங்கினார், புண்ணுக்குக் கட்டுப் போட்டார், தச்சு வேலை கற்றுத்தந்தார். ஆயினும் அவருடைய சமயத்தின் பக்கம் எவரும் வரவில்லை. மலைப் பூசாரி கடுமையாக எதிர்த்தார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த எதிர்ப்பில் நியாயமும் இருந்தது.

பிறகு 1918இல் தொடங்கிய விஷக்காய்ச்சல் உலகையே உலுக்கியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அதில் மாண்டனர். அது மலையேறி வந்தபோது வீடு வீடாக மக்கள் படுத்தனர். தண்ணீர் மொண்டு கொடுக்க ஆளில்லாமல், கஞ்சி காய்ச்ச ஆளில்லாமல் பலர் இறந்தனர். உடல் நலத்துடன் இருந்தவர்களோ நோய்க்கு அஞ்சி ஒதுங்கினர். பிராண்ட் தம்பதியர் பெரிய பாத்திரத்தில் அரிசிக் கஞ்சி காய்ச்சிக் குடிசை குடிசையாகச் சென்று ஊட்டினர். எதிர்த்து நின்ற அந்தப் பூசாரியும் அவர் மனைவியும் நோயில் விழுந்தனர். அவர்களுக்கும் கஞ்சி போயிற்று. இறக்கும் தறுவாயில் பூசாரி தம் பச்சிளம் பெண் குழந்தையை ஜெஸ்ஸியிடம் ஒப்படைத்தார். ரூத் என்ற பெயரில் அக்குழந்தை அவர்கள் வீட்டில் வளர்ந்தது. ஐந்தாண்டுப் பிரசங்கம் திறக்காத கதவை ஒரு குவளைக் கஞ்சி திறந்தது.

இது வந்தவர் கொடுத்த கதை. வந்தவர் பெற்றுக்கொண்ட கதை அதைவிட எனக்கு முக்கியமானது. அவர்களுடைய மகன் பால் 1914இல் இம்மலையில் பிறந்தார். பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் முடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் மீண்டும் இயங்கச் செய்த டாக்டர் பால் பிராண்ட் அவர்தான். முதுமையில் அவர் ஒரு நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய நெல் வயல்கள். மேல் வயலின் தண்ணீர் வரப்பிலுள்ள மடை வழியாகக் கீழ் வயலுக்கு வழியும். சிறுவன் பால் மலைப்பிள்ளைகளுடன் சேர்ந்து தவளை பிடிக்க நாற்றுக்குள் இறங்கிக் கலக்கிவிட்டான். வரப்புகளைக் காத்துவந்த முதியவர் ஒருவர் வந்தார். பிள்ளைகள் அவரைத் தாத்தா என்றே அழைப்பார்கள். அவர் அடிக்கவில்லை. ஒரு பிடி சேற்றை அள்ளிக் காட்டி, இது என்ன என்று கேட்டார். மடையில் வழியும் கலங்கல் நீரைக் காட்டினார். தெளிந்த நீர் வழிந்தால் வயல் நிற்கும். கலங்கல் வழிந்தால் மண் போகிறது. போன மண் மலைக்குத் திரும்பி ஏறாது. பல தலைமுறை சோறு போட்ட சேறு அது என்று விளங்க வைத்தார். உலகப் புகழ் பெற்ற மருத்துவர், மண்ணைப் பற்றித் தம் வாழ்நாளில் கற்ற பாடமாக அந்த மலைமுதியவரின் சொல்லையே எழுதிவைத்தார்.

ஜெஸ்ஸி 1929இல் கடும் மலேரியாவின் விளைவான கருநீர்க் காய்ச்சலில் மலையிலேயே இறந்தார். ஈவ்லின் ஓய்வு வயதை எட்டியதும் மிஷன் அவரைத் திரும்ப மலைக்கு அனுப்ப மறுத்தது. அவர் தாமாகவே திரும்பிவந்தார். முதுமையில் மட்டக்குதிரை மீது ஊர் ஊராகப் போனார். 1974 டிசம்பரில் 95ஆம் வயதில் இறந்தபோது, உடலை மலைக்குக் கொண்டுபோய்க் கணவரின் அருகில் அடக்கம் செய்தனர்.

இன்று காரவல்லியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிறது. மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் இறங்குகின்றன. சாமையும் தினையும் விளைந்த இடங்களில் சமவெளி ஆலைகளுக்கான மரவள்ளி பரவியிருக்கிறது. கீழ்நாட்டார் நிலம் வாங்கியும் குத்தகைக்கு எடுத்தும் தோட்டமும் விடுதியும் அமைக்கின்றனர். அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பழங்குடிப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. ஆதலால் பிற மாநிலங்களில் அவ்வட்டவணை தரும் காப்பு இம்மலைக்கு இல்லை. பட்டியலிலோ மலையாளி என்னும் பெயர் மாவட்டக் கணக்கில்தான் இடம்பெறுகிறது. சேலம், திருச்சிராப்பள்ளி, தருமபுரி முதலிய பழைய மாவட்டங்களில் இருந்தால் பழங்குடி. ஈரோட்டுப் பர்கூர் மலையில் வாழும் அதே பெயருடைய மக்கள் தம்மையும் சேர்க்கக் கோரி நெடுங்காலமாகப் போராடி வருகின்றனர். யார் இருந்தவர், யார் வந்தவர் என்பதை மாவட்ட எல்லை முடிவு செய்யும் விந்தையை என்னவென்பது!

கொல்லிமலையின் அடிவாரத்திலோ இன்னொரு வருகை நிகழ்ந்துகொண்டிருக்கிறது. நாமக்கல்லின் கோழிப்பண்ணைகளிலும், திருப்பூரின் பின்னலாடை ஆலைகளிலும், சென்னையின் கட்டடங்களிலும் பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், ஒடிசா ஆகிய மாநிலங்களின் இளைஞர்கள் உழைக்கின்றனர். அவர்களில் நம் சகோதரர்களும் பலர். ஜும்ஆ நாளில் பின் வரிசைகளில் அவர்களைக் காண்கிறோம். குத்பாவின் தமிழ்ப்பகுதி அவர்களுக்கு விளங்காது. தொழுகை முடிந்ததும் எவருடனும் பேசாமல் போய்விடுகின்றனர். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவியபோது, ஆயிரக்கணக்கானோர் அஞ்சினர்; பீகார் அரசே உண்மையறிய ஒரு குழுவை அனுப்பியது. பக்கத்துத் தெருவில் வாழ்பவரின் பெயர் கூடத் தெரியாத இடத்தில் வதந்தி எளிதில் விளையும். காஞ்சிக் கதையில் அச்சத்தின் காரணமாக வந்த நாம், இங்கே இருந்தவர்களாக நிற்கிறோம்.

இருந்தவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு நாம் உடனே மதீனாவைச் சொல்வோம். கி.பி. 622இல் நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து வந்ததும் முஹாஜிர் ஒருவரையும் அன்சாரி ஒருவரையும் சகோதரர்களாக இணைத்தார்கள். ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு முன்வைத்தார்கள். அவரோ துஆச் செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி காட்டுமாறு மட்டும் கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுச் சில நாட்களில் சொந்தக் காலில் நின்றார்கள். மேடைதோறும் நாம் கேட்கும் வரலாறு இது. பெரும்பாலும் ஸஅதின் ஈகையோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் அப்துர் ரஹ்மான் கேட்டதையும் கவனிக்க வேண்டும். வந்தவருக்குத் தேவைப்பட்டது அவ்வூரின் சந்தை எங்கே இருக்கிறது என்ற அறிவு. அதை இருந்தவரிடம்தான் கேட்க முடியும். கொல்லிமலைத் தாத்தாவின் கையில் இருந்ததும் அத்தகைய அறிவே.

மேடைகளில் குறைவாகச் சொல்லப்படும் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. ஹிஜ்ரத் நடந்து ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பின், முரைஸீஉ என்னும் நீர்நிலை அருகே படை தங்கியிருந்தது. தண்ணீர் எடுப்பதில் இருவர் மோதிக்கொண்டனர். ஒருவர் உமர் (ரலி) அவர்களின் பணியாள். மற்றவர் மதீனாவின் கஸ்ரஜ் குலத்துக்கு நட்பான குலத்தவர். ஒருவர் முஹாஜிர்களே என்று கூவினார். மற்றவர் அன்சாரிகளே என்று கூவினார். பத்ரிலும் உஹதிலும் ஒன்றாக நின்றவர்கள், ஒரு வாளித் தண்ணீரில் மீண்டும் இரண்டாகப் பிரிந்து நிற்கும் நிலை வந்தது. நபி (ஸல்) அவர்கள் இது அறியாமைக் காலத்து அழைப்பு, நாற்றமடிப்பது, விட்டுவிடுங்கள் என்ற கருத்தில் கண்டித்தார்கள். நயவஞ்சகர்களின் தலைவன் அப்துல்லாஹ் இப்னு உபையோ தன் கூட்டத்தாரிடம் வேறு பேசினான்: இவர்களுக்கு நம் ஊரில் இடம் கொடுத்தோம், நம் சொத்தைப் பங்கிட்டோம், இன்று நம்மையே மிஞ்சுகிறார்கள், ஊர் திரும்பியதும் கண்ணியமானவர் இழிந்தவரை வெளியேற்றுவார் என்ற பொருளில் அவன் பேசியது அல்முனாஃபிகூன் அத்தியாயம் அருளப்படக் காரணமாயிற்று. வந்தவர்களைப் பற்றி இன்று தேநீர்க் கடைகளில் கேட்கும் பேச்சு ஏறத்தாழ இதுவே. நம் வீடுகளிலும் கேட்கக்கூடும்.

அப்போது நபி (ஸல்) அவர்கள் செய்ததை வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர். வழக்கமாகப் புறப்படாத வேளையில் படையைப் புறப்படச் செய்தார்கள். அன்று பகல் முழுதும், இரவு முழுதும், மறுநாள் வெயில் ஏறும் வரையும் நடக்க வைத்தார்கள். முஹாஜிர்களும் அன்சாரிகளும் ஒரே பாதையில், ஒரே களைப்பில் நடந்தனர். பிறகு தங்கச் சொன்னபோது, உடல் தரையில் பட்டதுமே எல்லோரும் உறங்கிப்போனார்கள்.